மூன்றாம் ஓலை

27-1-85, ஞாயிறு. விழுப்புரம்.

நல்ல பனி. எதிர்வீடே தெரியவில்லை. பால்காரர் லேட். காபி இல்லாமலே கோயிலுக்கு.

ஜெயாவின் கல்யாண ஓலை, மூன்றில் முதலாவது, வாசித்தாயிற்று. ஸ்தோத்திரம்.

விழுப்புரம் சபை இன்னாரின் மகள் ஜெயசீலி, திண்டிவனம் சபை இன்னாரின் மகன் சாமுவேல் என்று பாதிரி ஐயர் ஆரம்பித்ததும் பெண்கள் பக்கம் அத்தனை தலையும் என்னைப் பார்த்துத் திரும்பியது. முந்தானையைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன். இந்தக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு ஐயர் ஒரு நிறுத்து நிறுத்துவார். யார் வீட்டு ஓலையாக இருந்தாலும் அந்த இடத்தில் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். சொந்த மகள் ஓலைக்குக் கேட்க வேண்டுமா. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த பாட்டு.

அதே நேரம் தி.வனம் கோயிலிலும் வாசித்திருப்பார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு. 18ஆம் தேதி திங்கள் கல்யாணம். 20 சாம்பல் புதன், லெந்து நோன்பு ஆரம்பம். அதற்கப்புறம் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அதனால்தான் இந்த ஓட்டம்.

ஜெயா வரவில்லை. ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் பெண் கோயிலுக்கு வருவதில்லை, எங்கள் பக்கத்து வழக்கம். வெட்கமாம். வீட்டில் தனியாக இருந்த வெட்கத்தில் சாம்பாரைத் தீய விட்டிருக்கிறாள்.

இவருடைய சட்டைகளை ஊறப்போட்டேன். பைக்குள் எறும்பு. வழக்கம்போல் பனங்கற்கண்டுப் பொட்டலம். கல்யாணமான நாளிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். "சரி, சரி" என்பார். அடுத்த வாரம் மறுபடி எறும்பு.

29-1, செவ்வாய்.

ஸ்கூலில் எட்டாம் வகுப்புக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேர் துணியோடு பாவாடையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டார்கள். தையல் டீச்சர் வேலைக்கு நீடிய பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது என்று இவர் சொல்வார். சொல்ல மாட்டார், சிரிப்பார்.

வாங்க வேண்டியது: வெள்ளை நூல் கண்டு. லேஸ். கொக்கி. மெஷினுக்கு பெல்ட். மல்லாட்டை, கடலை உருண்டைக்கு. வெல்லம். அந்து உருண்டை, பெட்டிக்கு.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து என் கல்யாண முக்காட்டு நெட் துணியை எடுத்தேன். ஜெயாவுக்கு அதையே போடுவதாகப் பேச்சு. மடிப்பில் ஒரு துருக்கறை. ஓரமெல்லாம் பழுப்பு. எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட்டால் போகும். கறை இருக்கிற இடத்தில் லேஸ் வைத்துவிடலாம்.

நெட்டை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

எங்களுக்கு ஆறு ஓலை. தி.வனத்தில் பழைய ஆட்கள் இன்றைக்கும் என்னை ஆறோலைக்காரி என்பார்கள். எனக்கு வயது இருபது. ட்ரெயினிங் முடித்த வருஷம். இரண்டு ஓலை வாசித்தார்கள். அந்த வாரம் கைக்குட்டையில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சில் நிழல். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் எதிர்ப்பட்டவர்கள் தெருவின் மறுபக்கம் போவார்கள். என்னை மெட்ராஸ் பக்கம் சானடோரியத்துக்குக் கொண்டுபோனார்கள். இவர் அப்போதுதான் ரயில்வேயில் சேர்ந்திருந்தார். லீவு கிடைக்கிற நாளெல்லாம் பாஸில் வருவார். வேப்பமரத்தடி பெஞ்சில் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். பேச்சே இருக்காது. போகும்போது ஒரு பனங்கற்கண்டுப் பொட்டலம். இருமலுக்கு.

ஒரு நாள் நானே சொன்னேன், மூணாவது ஓலையை நிறுத்திடுங்க என்று. மரத்தைப் பார்த்துக்கொண்டு, "வாசிச்சாச்சு" என்றார். என்னைச் சேர்த்த அந்த ஞாயிறே, தன் அம்மா பேச்சையும் மீறி, ஐயர் வீட்டுக்குப் போய் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நான் குணமாகி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஓலை காலாவதி. மறுபடி முதலிலிருந்து மூன்று. ஆக ஆறு.

மருந்தில் டி.பி. போய்விட்டது. நல்ல பனி நாளில் தொண்டைக் கமறல் மட்டும் நின்றது. அதற்குத்தான் இன்னும் அந்த எறும்பு.

1-2, வெள்ளி.

சாமுவேல் வந்திருந்தார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டரிலேயே தி.வனத்திலிருந்து. தலையெல்லாம் புழுதி. கணக்கு வாத்தியாருக்கு இப்படி ஒரு சிரிப்பா. தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பணியாரம் வைத்தேன். தட்டு காலி. "இன்னும் வேணுமா தம்பி" என்றதற்கு "கேக்கணுமா அத்தே" என்கிறார். மாப்பிள்ளை மாதிரியே இல்லை. என் தையல் மெஷின் ஒரு பக்கம் ஆடுகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். தரையில் மல்லாந்து படுத்து, காலை நீட்டி, அடியில் எதையோ முடுக்கினார். ஆட்டம் நின்றுவிட்டது. இவர் பல மாதமாகக் காகிதம் மடித்துச் செருகிக்கொண்டிருந்தார்.

ஜெயா கதவுக்குப் பின்னால். நிச்சயத்துக்கு அப்புறம் இவர்கள் இரண்டு பேரும் நாலு வார்த்தை பேசியிருப்பார்களா, சந்தேகம். போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே கதவைப் பார்த்து, "டைப்ரைட்டிங் டீச்சரு பேச மாட்டாங்களா, தட்டித்தான் அனுப்புவாங்களா?" என்றார். உள்ளே இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு.

நல்ல பையன். என் பெரியண்ணன் பார்த்த இடம். அண்ணனுக்கு அந்தச் சபையில் எல்லாரையும் தெரியும்.

3-2, ஞாயிறு.

இரண்டாம் ஓலை. நன்றாக நடந்தது. பனி குறைந்திருக்கிறது. ஐயரம்மா வெளியே வந்து ஜாக்கெட்டுக்கு என்ன கழுத்து என்று கேட்டார்கள்.

இவருக்கு மத்தியானம் சிக்னல் கேபின் டூட்டி. சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு இல்லை. நானும் ஜெயாவும் வேதம் வாசித்தோம். திரும்பி வந்ததும் முதல் கேள்வி, எந்த அதிகாரம் வரைக்கும் வாசித்தீர்கள் என்பது. ஒரு வரி விடாமல் வரிசையாகப் போக வேண்டும் அவருக்கு. இப்போது வெறும் பெயர்களாக வருகிற இடம். இன்னாரின் மகன் இன்னார், அவன் மகன் இன்னார். நாங்கள் ஒரு பக்கம் தாண்டிவிட்டோம். சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டார். கைகால் கழுவிவிட்டு, தாண்டிய பக்கத்தைத் தனியாக உட்கார்ந்து வாசித்தார்.

6-2, புதன்.

எப்படி எழுத.

காலையில் முதல் பஸ்ஸில் பெரியண்ணன் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நேற்று சாயங்காலம் சாமுவேல் ஒலக்கூர் பக்கம் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறார். திரும்பும்போது கரும்பு ஏற்றிய டிராக்டர். பின்னால் விளக்கில்லை. உரசிக்கொண்டே போய் இழுத்துவிட்டது. ரோடெல்லாம் பத்திரிகை கிடந்ததாம். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கால் நசுங்கி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தி.வனம் ஆஸ்பத்திரியில்.

ஜெயா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு போய் இட்லிப் பானையை இறக்கி வைத்தாள். எரிகிற அடுப்பை அணைக்கவில்லை. அது சும்மா எரிந்துகொண்டிருந்தது.

இவர் டூட்டி முடிந்து நேராக அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "முழிச்சிக்கினுதான் இருக்கான்" என்றார். 

தரையில் நீட்டிப் படுத்திருந்த கால்தான் கண் முன்னால். கர்த்தாவே.

7-2, வியாழன்.

ஸ்கூலுக்குப் போனேன். என்ன சொல்லிக்கொடுத்தேன், நினைவில்லை.

அண்ணன் மறுபடி வந்தார். அவருக்கும் முகமில்லை, தான் பார்த்த இடம் என்று. சாப்பிட உட்கார வைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பாரு லில்லி, ரெண்டு ஓலதான் படிச்சிக்கிறாங்க. மூணாவது படிக்காத வரைக்கும் எதுவும் முடிஞ்சிடல. சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள உங்க ஐயராண்ட ஒரு வார்த்த சொல்லிடு. ஊரு ஒண்ணும் தப்பா பேசாது."

நான் இல்லை என்று சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், இது யாரும் பார்க்கப் போகிற நோட்டு இல்லை. அவர் சொல்வதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து எல்லாம் அவள்தானே தாங்க வேண்டும். மாடிப்படி, பஸ், கிணறு, மழை நாள், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. ஒரு நாள் கூத்தா இது.

இவர் அண்ணனுக்கு மோர் ஊற்றினார். "ஜெயா இன்னா சொல்றா?" என்று மட்டும் கேட்டார்.

அவளைக் கேட்டேன். கையிலிருந்த தட்டைக் கழுவி வைத்தாள். அப்புறம், "நிச்சயத்துல நான் சரின்னு சொன்னேனேம்மா. அவரு காலுக்கா சொன்னேன்?" என்றாள்.

பேசுவது சுலபம், நடத்துவது கஷ்டம் என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள், கேட்பதற்கு. அவள் நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே அப்பனைக் கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் கத்துகிறவள் நான் ஒருத்திதான்.

என் கல்யாணக் கதை இவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்டுவாள் என்று நானே எதிர்பார்த்து, "அது வேற, இது வேற" என்று முந்திக்கொண்டு சொன்னேன். டி.பி. மருந்தில் போய்விட்டது. கால் முளைக்குமா.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அண்ணனிடமோ ஜெயாவிடமோ சொல்ல முடியாது. ஒருவர் நமக்காகக் காத்திருந்தார் என்றால், அப்புறம் வாழ்நாள் பூராவும் அவரோடு முழுசாகச் சண்டை போட முடியாது. பாதியில் வாய் அடங்கிவிடும். இவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டம். தாங்குகிறவர்களுக்கு ஒரு பாடென்றால் தாங்கப்படுகிறவர்களுக்குப் பத்துப் பாடு. அந்தப் பையன் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவன். அவனும் இப்படி வாயடைத்துப் போவானே.

சாயங்காலம் ஜெபம். வீடு பற்றிக்கொண்டு எரிகிறது, இவர் நிதானமாக இன்னாரின் மகன் இன்னார், அவன் மகன் இன்னார் என்று வாசிக்கிறார். ஒரு பெயர் விடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆமென் சொல்லாமல் எழுந்துவிட்டேன்.

8-2, வெள்ளி.

லீவு சொல்லிவிட்டுத் தனியாகத் தி.வனம் போனேன். பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். பையனிடமே பக்குவமாகப் பேசிப் பார்ப்பது என்பது என் மனதில் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம். வழியெல்லாம் கரும்பு வண்டி. பார்க்கவே பிடிக்கவில்லை.

வார்டில் மூன்றாவது கட்டில். முகம் சுண்டிப்போயிருந்தது. போர்வை ஒரு பக்கம் மேடாக, ஒரு பக்கம் பாதியோடு தட்டையாக. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்து அங்கேயே பார்த்தேன். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கஞ்சி வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்கள்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. அவரே சொன்னார்.

"அத்தே, நீங்க இன்னாத்துக்கு வந்திக்கிறீங்கன்னு தெரியும். கஷ்டப்பட வேணாம். நேத்து எங்க ஐயரு ஜெபம் பண்ண வந்தாரு. ஓலைய நிறுத்திடுங்கன்னு சொல்லிட்டேன். உங்க ஊர்லயும் சொல்லிடுங்க. ஜெயாவுக்கு இன்னா கொறச்சல்."

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொய் எழுத மாட்டேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல் இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன். வாழைப்பழத்தை ஸ்டூல் மேல் வைத்தேன். வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியவள் கோயில் தெருப் பக்கம் நடந்திருக்கிறேன். கால் பழகிய வழி. நான் ஞானஸ்நானம் எடுத்த கோயில். கதவு பூட்டியிருந்தது. புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். அந்தக் கல்லும் அதே இடத்தில். சண்டே ஸ்கூல் விட்டதும் இங்கேதான் புளியங்காய் பொறுக்குவோம். கிறிஸ்மஸ் பஜனைக்குக் கிளம்புகிறவர்கள் இங்கேதான் டிரம் அடித்துப் பார்ப்பார்கள். எங்கள் கல்யாணத்தன்று இவர் கோட்டு போட்டுக்கொண்டு இதே மரத்தடியில் வேர்த்து வழிய நின்றார். கோட்டு இரவல். கை நீளம்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அது வந்தது. "நிறுத்திடுங்க" என்று நானும் சொன்னேனே. வேப்பமரத்தடி பெஞ்சில், இதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைதான் எல்லாருக்கும் தெரியும். சொன்ன அந்த நிமிஷம் உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். கர்த்தாவே, இவர் இதைக் கேட்டுவிடக் கூடாது, எழுந்து போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அந்த ஒன்றில்தான் பிழைத்தேன், மருந்தெல்லாம் அப்புறம்.

இன்றைக்கு அந்தப் பையனுக்கு என் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். வார்டு வாசல் வரை கேட்டிருக்கும்.

எழுந்தேன். வெயில் ஏறிவிட்டது. ஏறக்குறைய ஓடினேன், இந்த வயதில்.

அவருடைய அம்மா கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஸ்பூன் அப்படியே நின்றது. மூச்சு வாங்கியது எனக்கு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"தம்பி, நிறுத்துங்கன்னு சொன்னீங்களே. அப்போ உள்ளுக்குள்ள இன்னா வேண்டிக்கினு இருந்தீங்க?"

இந்த முறை சுவர் பக்கம் திரும்பவில்லை. கண் நிறைந்து காதுப்பக்கம் வழிந்தது. அவருடைய அம்மா முந்தானையால் துடைத்தார்கள்.

அப்புறம் என் கதையைச் சொன்னேன். டி.பி., பெஞ்சு, பாஸ், ஆறு ஓலை, எல்லாம். ஜெயா சொன்னதையும் சொன்னேன், காலுக்கா சரி சொன்னேன் என்று கேட்டதை. அதை மறுபடி ஒரு தரம் சொல்லச் சொன்னார்.

"இப்ப நிறுத்தினா லெந்து கழிச்சி மறுபடி மொதல்லருந்து படிக்கணும்" என்றேன். "எங்க குடும்பத்துக்கு ஒரு ஆறோலைக்காரி போதும் தம்பி."

சிரித்துவிட்டார். சிரித்த அதிர்வில் வலி. தொடையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அப்படியும் சிரிப்பு. எதிர்க் கட்டில்காரர் எழுந்து பார்த்தார். பிறகு அடங்கி, "ஐயராண்ட நீங்களே சொல்லிடுங்க அத்தே" என்றார்.

நேராக தி.வனம் ஐயர் வீட்டுக்குப் போனேன். அவர் ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்பி மாப்பிள்ளை வாயால் ஒரு தரம் கேட்டுக்கொண்டார், அது சரிதான். மூன்றும் இப்போதே முடிந்துவிட்டால் ஈஸ்டர் கழிந்த வாரமே கல்யாணம் வைக்கலாம், இந்த ஓலை செல்லும் என்றார்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்தேன். பரவாயில்லை.

9-2, சனி.

மறுபடி பனி. தொண்டை கட்டிக்கொண்டது. நேற்று வெயிலில் ஓடியது வேறு.

அண்ணனுக்கு அதற்குள் எப்படியோ தெரிந்துவிட்டது. வந்து குதித்தார். நானே அவளைக் கிணற்றில் தள்ளுகிறேனாம். "பேஜாரு புடிச்ச வேல பண்ற லில்லி, நாளிக்கு எங்கிட்ட வந்து அழாத" என்றார். அழமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அழுவேனோ என்னவோ. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். சாப்பிடாமல் போய்விட்டார். மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வருவார். தாய்மாமன் இல்லாமலா.

எங்கள் ஐயர் காதிலும் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. வழியில் பார்த்து, நாளைக்கு வாசிக்கட்டுமா அம்மா என்று ஒரு மாதிரி இழுத்தார். வாசியுங்கள் என்றேன்.

எலுமிச்சம்பழம் தேய்த்ததில் துருக்கறை முக்கால்வாசி போயிற்று. மீதி இருக்கட்டும், லேஸ் வைக்க வேண்டாம் என்கிறாள் ஜெயா. மெஷின் ஆடாமல் ஓடுகிறது.

பதினெட்டாம் தேதியை அடித்துப் பத்திரிகை திருத்த வேண்டும். சமையல்காரருக்குச் சொல்ல வேண்டும். பந்தல். நாதஸ்வரக்காரர் இல்லை, பேண்டுக்காரர். மல்லாட்டை உருண்டையை இனி என்ன செய்வது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு ஈஸ்டருக்கு வேறு பிடிக்கலாம்.

இவர் டூட்டிக்குக் கிளம்பும்போது கேட்டேன். மூன்று நாளாக நான் அப்படிக் கத்திக்கொண்டிருந்தேனே, நம்ம கதையை ஒரு வார்த்தை நீங்கள் ஞாபகப்படுத்தியிருக்கலாமே என்று. சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியாததா" என்றார்.

"தெரிஞ்சும்தானே கத்தினேன்?"

துணியை உதறினார். "அதச் சொல்லிக் காட்டுறதுக்கா அன்னிக்கு வந்தேன்?" என்றார். டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இவரோடு ஒரு நாளாவது முழுசாகச் சண்டை போட வேண்டும். கல்யாணம் முடியட்டும்.

இன்று ஜெபத்தில் பெயர்ப் பட்டியல் நான் வாசிக்கிற முறை. தாண்டவில்லை.

10-2, ஞாயிறு.

பனி. இருமல்.

காலையில் ஜெயா குளித்து, மஞ்சள் புடவை கட்டி, செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். ஓலை வாசிக்கிற நாளில் பெண் வருகிற வழக்கமில்லையே என்றேன். "மாப்ள வர முடியாது. நானாச்சும் இருக்கணுமில்ல" என்றாள். ஜல்தி வாம்மா, மணி அடிச்சிட்டாங்க என்று என்னையே துரத்தினாள்.

கோயில் நிறைய ஜனம். விஷயம் தெரிந்து வந்தவர்களும் இருந்தார்கள், தெரியும் எனக்கு. ஜெயாவைப் பார்த்ததும் பெண்கள் பக்கம் குசுகுசு. "பாவம் அந்தப் பொண்ணு" என்று பின்னால் ஒரு குரல். திரும்பி முறைத்தேன். ஜெயா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு வளையவில்லை.

ஐயர் எழுந்தார். விழுப்புரம் சபை இன்னாரின் மகள் ஜெயசீலி. திண்டிவனம் சபை இன்னாரின் மகன் சாமுவேல். இது மூன்றாம் தரம். தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டு நிறுத்தினார். மற்ற இரண்டு ஞாயிறையும் விட இன்றைக்கு நீளமாக நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது.

அடக்கினேன். அடங்கவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. ஐயர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, பெண்ணைப் பெற்றவள் என்னவோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார். ஜெயாவின் கை என் முழங்கையை இறுக்கியது. சில்லென்று இருந்தது. பேச்சு வரவில்லை எனக்கு, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் புறப்பட்டது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு. நடைபாதையைத் தாண்டி, பெண்கள் வரிசையில் கை மாறிக் கை மாறி ஜெயாவிடம் வந்தது. அவள் பிரித்தாள். பனங்கற்கண்டு. ஒரு எறும்பு.

எறும்பை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். ஐயர் தாளை மடித்து வைத்து, அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.